பதிவேட்டில் பிறந்த பெயர்கள்

புனேயில் மாலை நேரத்தில் கல்லூரிக் கூட்டம் மொய்க்கும் தெரு ஃபெர்குசன் கல்லூரிச் சாலை. 1885இல் தொடங்கிய அந்தக் கல்லூரிக்குப் பெயர் கொடுத்தவர் பம்பாய் மாகாண ஆளுநராக இருந்த ஜேம்ஸ் ஃபெர்குசன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். அவருடைய முன்னோரில் எப்போதோ ஃபெர்கஸ் என்று ஒருவர் இருந்திருக்க வேண்டும். அவருடைய பிள்ளை ஃபெர்குசன் ஆனார். பேரனும் கொள்ளுப்பேரனும்கூட ஃபெர்குசனாகவே நின்றுவிட்டார்கள். அதே ஊரில் காய்கறி வாங்கப் போகும் பெரிய சந்தையின் பெயர் மகாத்மா ஃபுலே மண்டை. 1848இல் புனேயில் பெண்களுக்குப் பள்ளி திறந்த ஜோதிராவ் ஃபுலேயின் குடும்பத்துக்கு மூலப் பெயர் கோர்ஹே. சாத்தாரா பக்கத்துக் கட்குண் கிராமத்திலிருந்து புனேக்கு வந்த அந்தத் தோட்டக்காரக் குடும்பம் மராட்டிய அரசின் முதல் மந்திரியான பேஷ்வாவின் அரண்மனைக்குப் பூ கொடுக்கும் பொறுப்பைப் பெற்றது. பெயரும் பூவிலிருந்து பிறந்த ஃபுலே ஆயிற்று. ஒரு பெயர் தகப்பனிடமிருந்து வந்தது, இன்னொன்று அரண்மனை வேலையிலிருந்து வந்தது. இரண்டுமே இன்று வம்சத்தின் அடையாளமாகப் பார்க்கப்படுகின்றன. என் வாதம் வேறு. குடும்பப் பெயர் ஒரு வம்சத்தின் ரத்தத்தைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. ஒரு குடும்பம் எந்தக் காலத்தில், எந்தத் தோற்றத்தில், யாருடைய கணக்கில் ஏறியது என்பதைத்தான் அது சொல்கிறது. ஐரோப்பாவுக்கும் இது பொருந்தும். புனேக்கு இன்னும் நன்றாகவே பொருந்தும்.

ஐரோப்பியக் குடும்பப் பெயர்களை ஆராய்ந்தவர்கள் அவற்றைப் பெரும்பாலும் நான்கு வகையாகப் பிரிப்பார்கள்: தகப்பன் பெயரிலிருந்து வந்தவை, ஊரிலிருந்து வந்தவை, தொழிலிலிருந்தோ பதவியிலிருந்தோ வந்தவை, பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டவை. ஜான்சனும் இவானோவும் முதல் வகை. லிங்கன் இரண்டாம் வகை. ஆங்கிலத்தில் ஸ்மித், ஜெர்மனில் ஷ்மிட், இத்தாலியில் ஃபெராரி, ஹங்கேரியில் கோவாச், ரஷ்யாவில் குஸ்னெட்ஸோவ் எல்லாமே இரும்படிக்கும் கொல்லர் பெயர்கள்தான். கார்ப் பந்தய வீரர் ஷூமாக்கரின் முன்னோர் செருப்புத் தைத்தவர்கள். கொல்லரான லோஹார், தச்சரான சுதார், குயவரான கும்பார் ஆகிய மூன்றும் மகாராஷ்டிரத்தில் இன்றும் குடும்பப் பெயர்களாக வழங்குகின்றன. தொழிலைப் பெயராக்கும் வழக்கத்தை யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. ஒரு கிராமத்தில் ஐந்து ராமன்கள் இருந்தால் கொல்லன் ராமன், குயவன் ராமன் என்று பிரித்துச் சொல்வது எந்த மொழியிலும் தானாக நடப்பது. அப்படி ஒருவருக்கு ஒட்டிய அடைமொழி அவரோடு போகாமல், அந்தத் தொழிலே தெரியாத அவருடைய பேரன் வரைக்கும் ஏன் தொடர்ந்தது என்பதே விளக்கம் வேண்டிய கேள்வி.

ஐரோப்பாவில் அதற்கு இரண்டு காரணங்கள் சேர்ந்து வேலை செய்தன. முதலாவது, இடுபெயர்களின் பஞ்சம். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பழைய ஆங்கிலப் பெயர்கள் சில தலைமுறைகளுக்குள் வழக்கொழிந்தன. அந்த இடத்தை வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட் போன்ற ஜெர்மானிய மூலப் பெயர்களும், ஜான், தாமஸ், பீட்டர் போன்ற வேதாகமப் பெயர்களும் நிரப்பின. ‘உறுதி’, ‘தலைக்கவசம்’ என்ற இரு சொற்கள் சேர்ந்து வில்லியம். ‘கடவுள் அருளினார்’ என்ற எபிரேயப் பெயரின் வழியில் ஜான். கிரேக்கத்தில் பாறையைக் குறித்த சொல் பீட்டர். அழகான பொருள்கள்தான். ஆனால் ஊரெங்கும் ஜான்களாக இருந்தால் பொருளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இரண்டாவது காரணம் அரசும் திருச்சபையும். 1377க்கும் 1381க்கும் இடையில் இங்கிலாந்தில் மூன்று முறை தலைவரி விதிக்கப்பட்டது. வரி கட்டிய ஜான் யார், கட்டாத ஜான் யார் என்று எழுத்தருக்குத் தெரிய வேண்டும். 1427இல் ஃப்ளாரன்ஸ் நகரம் சொத்துக் கணக்கெடுத்தபோது ஏழை எளியவர்கள் பலருக்குக் குடும்பப் பெயரே இல்லை. தகப்பன் பெயரும் பாட்டன் பெயரும் சொல்லித்தான் பதிந்தார்கள். 1538இல் இங்கிலாந்தின் ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. 1563இல் ட்ரென்ட் பொதுச்சங்கம் கத்தோலிக்க உலகம் முழுவதற்கும் இதுபோன்ற பதிவேடுகளைக் கட்டாயமாக்கியது. வாயால் சொல்லும் பெயர் காலையும் மாலையும் மாறலாம், ஏட்டில் ஏறிய பெயரை மாற்றுவது கடினம்.

புனேயிலும் இடுபெயர்ப் பஞ்சம் உண்டு, அரண்மனையிலேயே உண்டு. பேஷ்வா வம்சத்தின் முதல்வர் பாலாஜி விஸ்வநாத். அவர் மகன் பாஜிராவ். பாஜிராவின் மகன் மறுபடியும் பாலாஜி. அவர் மகன் மாதவராவ். மாதவராவின் தம்பி மகனும் மாதவராவ்தான், வேறுபாடு தெரிய முன்னால் ‘சவாய்’ சேர்த்துக்கொண்டார்கள். கடைசிப் பேஷ்வா மறுபடியும் பாஜிராவ். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் உள்ள தமிழருக்கு இதில் வியப்பு இருக்காது. முதல் பாலாஜியையும் இரண்டாம் பாலாஜியையும் பிரித்துக் காட்ட மராத்தியர்கள் கையாண்ட வழி, நடுவில் தகப்பன் பெயரை வைப்பது: பாலாஜி விஸ்வநாத், பாலாஜி பாஜிராவ். இன்றும் மராத்திப் பெயர் மூன்று துண்டுகள் கொண்டது. பால கங்காதர திலகர் என்றால் தம் பெயர், தகப்பன் பெயர், குடும்பப் பெயர். மராத்தியில் கடைசித் துண்டுக்கு ‘ஆட்நாவ்’ என்று பெயர். திலகர், ரானடே, கோகலே என்று இந்திய வரலாறு முழுவதும் புனேக்காரர்களை அந்தக் கடைசித் துண்டால்தான் அறியும்.

புனேயின் தனிச் சிறப்பு பதவிப் பெயர்களில் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தியாவின் பெரும்பகுதிக் கணக்கு வழக்கு இந்த ஊருக்கு வந்து சேர்ந்தது. அந்தக் கணக்குகள் மராத்தியின் மோடி எழுத்தில், துணியில் சுற்றிய மூட்டைகளாக, பேஷ்வே தஃப்தர் என்ற பெயரில் புனே ஆவணக் காப்பகத்தில் இன்னும் இருக்கின்றன. எழுதியவர்களின் வேலையே அவர்கள் பெயராயிற்று. பாரசீகத்தில் எழுதுபவரைக் குறிக்கும் ‘நவீஸ்’ மராத்தியில் ‘னிஸ்’ எனத் தேய்ந்து பல வீடுகளின் வாசற்பலகையில் நிற்கிறது: கடிதம் எழுதியவர் சிட்னிஸ், கருவூலக் கணக்கு எழுதியவர் போட்னிஸ், பண்டசாலைக் கணக்கு எழுதியவர் கார்கானிஸ், வரவு செலவு ஏட்டை வைத்திருந்தவர் ஃபட்னிஸ் அல்லது ஃபட்னவீஸ். பேஷ்வா ஆட்சியின் பிற்பகுதியைத் தம் கையில் வைத்திருந்த நானா ஃபட்னவீஸின் உண்மையான பெயர் பாலாஜி ஜனார்தன் பானு. பானு என்ற குடும்பப் பெயர் இன்று பாடப்புத்தகத்துக்கு வெளியே யாருக்கும் நினைவில்லை. கிராமக் கணக்கர் குல்கர்ணி, கிராமத் தலைவர் பாட்டீல், பல கிராமங்கள் சேர்ந்த பர்கணாவின் கணக்கர் தேஷ்பாண்டே, அதன் தலைவர் தேஷ்முக். ஜெர்மனியில் மிகப் பரவலான ஷுல்ட்ஸ் என்ற பெயரும் நிலவரி வசூலித்த கிராமத் தலைவரின் பெயர்தான். ஸ்னூப்பி என்ற நாயை வரைந்த அமெரிக்க ஓவியர் சார்ல்ஸ் ஷுல்ட்ஸ் புனேயில் பிறந்திருந்தால் பாட்டீல் ஆகியிருப்பார். பேஷ்வாவுக்கே இணை தேடினால் ஸ்காட்லாந்தில் கிடைக்கிறது. அரசரின் வீட்டு நிர்வாகியாக இருந்த ஒரு குடும்பம் அந்தப் பதவியைப் பரம்பரையாகப் பெற்றது, பதவியின் பெயரான ஸ்டூவர்ட்டையே தன் பெயராக்கியது, 1371இல் அரியணையும் ஏறியது. 1713இல் முதல் மந்திரியான பாலாஜி விஸ்வநாதரின் குடும்பப் பெயர் பட். அவர் வாரிசுகள் மராட்டிய அரசரான சத்ரபதியின் பெயரால் ஆண்டார்கள், ஆனால் ஆண்டது அவர்கள்தான். வரலாறு அவர்களைப் பேஷ்வாக்கள் என்றே அழைக்கிறது.

இந்தப் பதவிப் பெயர்களின் பிடிவாதம் எவ்வளவு என்பதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. 1674இல் முடிசூடிய சிவாஜி, அரசு அலுவல்களில் புழங்கிய பாரசீகச் சொற்களுக்குப் பதிலாக வடமொழிச் சொற்களை வைக்க ராஜ்யவியவஹார கோசம் என்ற அகராதியையே தொகுக்கச் செய்தார். மஜூம்தார் அமாத்யர் ஆனார், சுர்னிஸ் சசிவர் ஆனார், வாக்னிஸ் மந்திரி ஆனார். ஆவணங்களில் இது ஓரளவு நடந்தது. குடும்பப் பெயர்கள் அகராதிக்குக் கட்டுப்படவில்லை. மஜூம்தார்களும் சிட்னிஸ்களும் அப்படியேதான் இருக்கிறார்கள். ‘பேஷ்வா’ என்ற பாரசீகச் சொல்லும் அரசரின் உத்தரவைத் தாண்டி நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கோலோச்சியது. பதவிகள் போன பிறகும் பெயர்கள் போகவில்லை. பம்பாய் அரசு 1950இல் கொண்டுவந்த சட்டம் பர்கணா, குல்கர்ணி வதன்களை, அதாவது பரம்பரை உரிமைகளை, ஒழித்தது. குல்கர்ணி வேலை இல்லாத நாட்டில் குல்கர்ணிகள் இன்று மென்பொருள் எழுதுகிறார்கள். ஸ்மித்துகளில் எத்தனை பேர் இரும்படிக்கிறார்கள்?

ஊர்ப்பெயர்களுக்கு வருவோம். மராத்தியில் ஊரின் பெயரோடு ‘கர்’ சேர்த்தால் அந்த ஊர்க்காரர். இந்தூரை ஆண்ட ஹோல்கர்கள் நீரா ஆற்றங்கரையில் உள்ள ஹோல் கிராமத்தார். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஹோலிலேயே இருப்பவரை ஹோல்கர் என்று அழைத்துப் பயனில்லை, அங்கே எல்லாருமே ஹோல்கர்தான். ஊரை விட்டு வந்த பிறகே ஊர் பெயராகும். இங்கிலாந்தில் லிங்கன் என்ற பெயர் லிங்கன் நகரத்துக்கு வெளியேதான் பயன்பட்டிருக்கும். ஆகவே ‘கர்’ என்று முடியும் ஒவ்வொரு பெயரும் ஓர் இடப்பெயர்ச்சியின் பதிவு. இந்தத் தர்க்கத்தைப் பார்த்துச் சிரிப்பது போல, புனேயிலேயே வாழும் பார்சிக் குடும்பம் ஒன்று பூனாவாலா என்ற பெயரோடு இருக்கிறது. தடுப்பூசி செய்யும் சீரம் இன்ஸ்டிடியூட்டை 1966இல் தொடங்கியவர்கள் அவர்கள். கொங்கணக் கடற்கரையில் நூற்றாண்டுகளாக எண்ணெய் ஆட்டிப் பிழைத்த பெனே இஸ்ரேல் யூதர்களும் இதே வழியில் பெயர் பெற்றார்கள். பேண் ஊரார் பேண்கர், ரோஹா ஊரார் ரோஹேகர், கிஹிம் ஊரார் கேஹிம்கர். சனிக்கிழமை செக்கை நிறுத்தியதால் அயலார் அவர்களைச் சனிவார் தேலி, சனிக்கிழமை எண்ணெய்க்காரர், என்றார்கள். அவர்களில் பலர் பின்னாளில் புனேக்கு வந்தார்கள். ராஸ்தா பேட்டையில் அவர்களுக்குத் தொழுகைக்கூடம் இருக்கிறது. அதே யூத இனத்தாருக்கு ஐரோப்பாவில் நடந்ததைப் பார்த்தால் வேறுபாடு உறைக்கும். 1787இல் ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப், தம் ஆட்சியில் உள்ள யூதர்கள் எல்லாரும் நிலையான ஜெர்மன் குடும்பப் பெயர் வைத்தே ஆகவேண்டும் என்று ஆணையிட்டார். 1808இல் நெப்போலியனும் தம் பங்குக்கு ஓர் ஆணை போட்டார். அங்கே பெயர் அதிகாரியின் மேசையில் ஒரே நாளில் கிடைத்தது. கொங்கணத்தில் அது அக்கம்பக்கத்தார் வாயிலிருந்து மெல்ல வந்தது. ஏட்டில் ஏறிய பிறகு இரண்டும் ஒரே மாதிரி உறைந்தன.

உறைந்த பெயரையும் தேவைப்பட்டால் உடைக்கலாம். நாடகப் பாடகர் தீனாநாத் மங்கேஷ்கரின் தகப்பனார் வழியில் வந்த பெயர்கள் அபிஷேகி, ஹர்டீகர். கோவாவின் மங்கேஷி ஊரை, அங்குள்ள கோயிலை நினைத்து மங்கேஷ்கர் என்ற புதுப் பெயரைத் தாமே வைத்துக்கொண்டார். பாடகிகளான அவர் மகள்கள் லதா, ஆஷா வழியாக அந்தப் பெயர் இன்று ஏதோ புராதனக் குலப்பெயர் போல ஒலிக்கிறது. அதன் வயது நூறாண்டுக்குச் சற்று மேல்தான். லதாவின் இடுபெயர்கூடப் பிறந்தபோது வைத்ததல்ல. ஹேமா என்று வைத்திருந்த பெயரை நாடகப் பாத்திரம் ஒன்றின் நினைவில் பின்னர் மாற்றினார்கள். பிரிட்டிஷ் அரச குடும்பமும் இதைச் செய்திருக்கிறது. முதல் உலகப் போரில் ஜெர்மனியோடு மோதிக்கொண்டிருந்தபோது ஜெர்மன் பெயரோடு இருக்கக் கூசி, 1917இல் தம் கோட்டை இருந்த ஊரின் பெயரான வின்ட்ஸரை எடுத்துக்கொண்டார்கள். மராத்தியில் சொன்னால் வின்ட்ஸர்கர்.

பட்டப்பெயர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அவை தாமே பேசும். வாக்மாரே என்றால் புலியைக் கொன்றவர், ஷேக்ஸ்பியர் என்றால் ஈட்டியை ஆட்டியவர். சஹஸ்ரபுத்தே ஆயிரம் புத்திக்காரர், அஷ்டபுத்ரே எட்டுப் பிள்ளைக்காரர். காளே கறுப்பர், கோரே வெளுப்பர். ஊர் வாய் எங்கும் இரக்கமற்றதுதான்: ஏக்போட்டே ஒற்றை விரலர், போப்டே குழறிப் பேசுபவர், ஸ்காட்லாந்தின் கேமரன் கோணல் மூக்கர், கேம்பெல் கோணல் வாயர். கேலியாகத் தொடங்கியவை நீதிபதிகளின், பிரதமர்களின் பெயர்களாக மதிப்போடு நடமாடுகின்றன.

இனி மறுப்புகள். புனேக்காரர் ஒருவரிடம் என் வாதத்தைச் சொன்னால் அவர் முதலில் கேட்பது, குடும்பப் பெயரைக் கேட்டவுடன் சாதி தெரிந்துவிடுகிறதே, அது ரத்தம் இல்லாமல் வேறென்ன என்பதாகத்தான் இருக்கும். பெயரைக் கேட்டு எடைபோடும் பழக்கம் உண்மை, அதன் தீமையும் உண்மை. ஆனால் எடை அடிக்கடி தவறுகிறது. பாட்டீல்கள் மராத்தாக்களில் உண்டு, லிங்காயத்துகளில் உண்டு, சமணர்களில் உண்டு, கோலி மீனவர்களிலும் உண்டு. பரோடாவின் மகாராஜாவும் காயக்வாட். 1930இல் நாசிக் காலாராம் கோயில் நுழைவுப் போராட்டத்தில் அம்பேத்கரோடு நின்ற தலித் தலைவர் தாதாசாகேபும் காயக்வாட். குவாலியர் அரச குடும்பத்தின் ஷிண்டே என்ற பெயரும், தலித் குடும்பத்தில் பிறந்து மகாராஷ்டிர முதலமைச்சரான சுசீல்குமார் ஷிண்டேயின் பெயரும் ஒன்றே. மோரே என்பது மௌரியர், சாளுங்கே என்பது சாளுக்கியர், கதம் என்பது கதம்பர் என்று சொல்வதுண்டு. ஒலி அளவில் பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் அரச வம்சத்தின் பெயரை அந்த அரசரின் படையாளும் குடிமகனும் எடுத்துக்கொள்வது உலகெங்கும் உள்ள வழக்கம். ஸ்காட்லாந்தில் தலைவன் நிலத்தில் குடியிருந்தவர்கள் தலைவனின் குலப்பெயரையே சூடிக்கொண்டார்கள். எல்லாவற்றையும்விடத் தெளிவான சான்று நம் தூத்துக்குடியில் இருக்கிறது. 1535 முதல் 1537 வரை முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்றபோது போர்ச்சுக்கீசியப் பெயர்களும் பெற்றார்கள். ஃபெர்னாண்டோ, ரொட்ரிகோ, மச்சாடோ, பெரெய்ரா என்ற பெயர்களோடு அவர்கள் நூற்றாண்டுகளாகத் தமிழ் பேசுகிறார்கள். மச்சாடோ என்றால் கோடரி, பெரெய்ரா என்றால் பேரிக்காய் மரம். பேரிக்காய் மரமே வளராத மணல் கரையில் பெரெய்ராக்கள் வாழ்வதற்கு ரத்தம் காரணமல்ல, ஞானஸ்நானப் பதிவேடுதான் காரணம்.

அம்பேத்கரின் பெயரே இதற்கு உரைகல். குடும்பப் பெயர் சக்பால். சொந்த ஊர் ரத்னகிரி மாவட்டத்து அம்படவே. அவர் மேல் அன்பு கொண்டிருந்த அம்பேத்கர் என்ற பிராமண ஆசிரியர் தம் பெயரையே கொடுத்தார் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. ஊர்ப்பெயரே மருவியது என்று வாதிடுவோரும் உண்டு. என் கண்ணுக்கு இந்தச் சர்ச்சையைவிடப் பெரிதாகப் படுவது, 1900ஆம் ஆண்டு நவம்பர் 7 அன்று சாத்தாரா அரசுப் பள்ளியின் பதிவேட்டில் ‘பிவா ராம்ஜி அம்பேத்கர்’ என்று எழுதப்பட்டது என்பதுதான். சக்பால் என்பது அந்த வரியோடு முடிந்தது. அந்த நாளை மகாராஷ்டிர அரசு மாணவர் தினமாகக் கொண்டாடுகிறது. மனித உரிமைக்காகப் போராடிய மாபெரும் தலைவர் ஒருவரை உலகம் அறியும் பெயர் ஒரு பள்ளி ஏட்டில் உறுதியானது.

இன்னொரு மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வரும்: அப்படியானால் குடும்பப் பெயர்கள் வெள்ளைக்காரன் செய்த வேலையா? இல்லை. போன்ஸ்லே, ஷிண்டே, பானு, பட் எல்லாம் 1817இல் ஆங்கிலேயர் புனேயைப் பிடிப்பதற்கு வெகுகாலம் முன்பே வதன் ஆவணங்களில் இருந்தவை. பரம்பரை உரிமையை நிரூபிக்கப் பரம்பரைப் பெயர் தேவைப்பட்டது. எனவே உரிமை இருந்த வீட்டில் பெயரும் முதலில் நிலைத்தது. ஐரோப்பாவிலும் நிலப்பிரபுக்களுக்குக் குடும்பப் பெயர் முதலில் வந்தது, கூலிக்காரருக்குக் கடைசியாக வந்தது. ஆங்கிலேயர் செய்தது வலையை அகலமாக விரித்தது. 1835இல் புனே மாவட்டத்து இந்தாபூரில் கோல்ட்ஸ்மிட், விங்கேட் என்ற இரு அதிகாரிகள் தொடங்கிய நில அளவை முறை, ஒவ்வொரு வயலுக்கும் எண் கொடுத்து, எண்ணுக்கு எதிரே ஓர் ஆளை எழுதியது. பள்ளிக்கூடமும் நீதிமன்றமும் பட்டாளமும் பின்னால் வந்தன. பம்பாயில் பார்சிகள் கான்ட்ராக்டர், எஞ்சினியர், ரெடிமணி என்று ஆங்கிலத் தொழிலையும் பணத்தையும் நேரடியாகப் பெயராக்கிக்கொண்டார்கள்; கிரிக்கெட் பார்த்த தலைமுறைக்கு நரி கான்ட்ராக்டரையும் ஃபரூக் எஞ்சினியரையும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அரசு நேரடியாக இறங்கிய இடங்களும் உண்டு. 1849இல் பிலிப்பைன்ஸின் ஸ்பானிய ஆளுநர் கிளவேரியா பெயர்ப் பட்டியல் புத்தகம் ஒன்றை ஊர் ஊராக அனுப்பி மக்களுக்குப் பெயர் ஒதுக்கினார். 1934இல் துருக்கி சட்டம் போட்டு எல்லாரையும் குடும்பப் பெயர் சூடவைத்தது. முஸ்தபா கெமால் அதாதுர்க் ஆனதும் அந்த ஆண்டில்தான்.

பெண்களின் கதை இந்த ஏட்டில் மிகக் கொடுமையான பக்கம். மராத்திக் குடும்பங்களில் மணமகளுக்குக் கணவரின் குடும்பப் பெயர் வருவது மட்டுமல்ல, நடுவில் இருந்த தகப்பன் பெயர் போய்க் கணவர் பெயர் வரும்; பழைய வழக்கப்படி இடுபெயரும் மாறும். மூன்று துண்டில் ஒன்றுகூட மிஞ்சாது. 1886இல் அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்று, மறு ஆண்டே புனேயில் இறந்த ஆனந்திபாய் ஜோஷி பிறந்தபோது யமுனா. புனேயில் சேவா சதனத்தை வளர்த்த ரமாபாய் ரானடேயும் பிறந்தபோது யமுனாதான். இரண்டு யமுனாக்களும் திருமணத்தன்று மறைந்தார்கள். குடும்பப் பெயர் ரத்தத்தின் சான்று என்பவர்கள் தாய்வழி ரத்தம் எங்கே போயிற்று என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஸ்பெயினில் தாயின் பெயரும் இரண்டாவது குடும்பப் பெயராக நிற்கிறது. மகாராஷ்டிர அரசும் 2024 மே 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குத் தம் பெயர், தாய் பெயர், தகப்பன் பெயர், குடும்பப் பெயர் என்ற வரிசையை அரசு ஆவணங்களில் கட்டாயமாக்கியிருக்கிறது. தாமதமான நீதி, இருந்தாலும் நீதி.

தமிழருக்கு இதில் என்ன? நமக்குக் குடும்பப் பெயர் இல்லை என்று சொல்வது பாதி உண்மை. உ.வே.சா. என்பதில் உத்தமதானபுரம் என்ற ஊரும் வேங்கடசுப்பையர் என்ற தகப்பனாரும் இருக்கிறார்கள்; சி.என். அண்ணாதுரையில் காஞ்சிபுரமும் நடராசனும் இருக்கிறார்கள். ஐரோப்பாவும் மராட்டியமும் பயன்படுத்திய அதே சரக்குதான். ஒரே வேறுபாடு, நம்முடையது தலைமுறைக்குத் தலைமுறை மாறும். கடைசியில் நின்ற சாதிப்பெயரை 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுத் தீர்மானத்துக்குப் பின் பெரும்பாலோர் விட்டுவிட்டார்கள். ஐஸ்லாந்தில் இன்றும் ஏறக்குறைய இதே முறைதான். தகப்பன் அல்லது தாயின் பெயரோடு மகன், மகள் என்று சேர்ப்பார்கள், தொலைபேசிப் புத்தகம் அச்சான காலத்தில் அதை இடுபெயர் வரிசையில்தான் அடுக்கினார்கள், புதிதாகக் குடும்பப் பெயர் சூடுவதை 1925லேயே சட்டத்தால் தடுத்துவிட்டார்கள். ஐஸ்லாந்துக்குத் தன் அரசு இருக்கிறது, படிவத்தைத் தானே அச்சிடுகிறது. அந்த வசதி இல்லாதவர்களுக்கு என்ன ஆகும் என்பதை வேல்ஸ் நாட்டில் பார்க்கலாம். வேல்ஸ்காரர்களும் தகப்பன் பெயரைத்தான் ‘அப்’ என்ற ஒட்டோடு சொல்லிவந்தார்கள். 1536 முதல் 1543 வரையிலான சட்டங்களால் அவர்கள் இங்கிலாந்தின் நீதிமன்றங்களுக்குள் வந்தபோது, எழுத்தர்கள் அந்தந்த நேரத்துத் தகப்பன் பெயரை நிரந்தரமாக்கினார்கள். அப் ரைஸ் ப்ரைஸ் ஆனார், அப் ஹவல் பவல் ஆனார், ஜானின் பிள்ளைகள் எல்லாரும் ஜோன்ஸ் ஆனார்கள். அதனால்தான் அந்தச் சிறிய நாட்டில் இத்தனை ஜோன்ஸ்கள், இத்தனை வில்லியம்ஸ்கள்.

புனேயில் குடியேறிய தமிழர்களிடம் இப்போது நடப்பது இதேதான். பள்ளிப் படிவத்தில் மூன்று கட்டங்கள்: பெயர், தகப்பன் பெயர், ஆட்நாவ். மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட்டால் எழுத்தர் ஏற்க மாட்டார். தகப்பனார் தம் தகப்பனின் பெயரை எழுதுகிறார், அல்லது தம் பெயரையே இரண்டாம் முறை எழுதுகிறார். அடுத்த தலைமுறை அந்தப் பெயரை அப்படியே பெற்றுக்கொள்கிறது. சுப்பிரமணியன், ராமச்சந்திரன், கிருஷ்ணமூர்த்தி என்ற இடுபெயர்கள் இப்படித்தான் குடும்பப் பெயர்களாகின்றன. ஜான்சன் பல நூற்றாண்டு முன்பு செய்த பயணத்தை இவை நம் கண்முன் செய்கின்றன. வெளிநாடு போனால் குழப்பம் கூடுகிறது. சதுரங்க வீரர் விஸ்வநாதன் ஆனந்தை ஐரோப்பியர்கள் செல்லமாக ‘விஷி’ என்று அழைத்தது, தகப்பனாரின் பெயரை அவருடைய பெயர் என்று எண்ணிக்கொண்டுதான். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள இந்தியர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிக்க மறுத்தபோது எத்தனையோ தமிழர்கள் பெயரை இரண்டாக்க ஓட வேண்டியதாயிற்று.

இதற்காகக் கைவிட்ட சாதிப்பெயரைத் தேடிப்பிடித்து ஒட்டிக்கொள்வது பின்னோக்கிய ஓட்டம்; யாரும் அதைச் செய்ய வேண்டியதில்லை. குடும்பப் பெயர் என்பது பதிவேட்டில் பிறப்பது என்றால், எதைப் பதிவது என்பது நம் கையில்தான் இருக்கிறது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதற்கு முன்பே பெற்றோர் இருவரும் உட்கார்ந்து தீர்மானியுங்கள்: தகப்பன் பெயரா, தாய் பெயரா, தீனாநாத் செய்தது போல ஊர்ப் பெயரா. முதலெழுத்தை விரித்து முழுமையாக எழுதுங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சான்றிதழ், கடவுச்சீட்டு நான்கிலும் ஒரே எழுத்துக்கூட்டல், ஒரே வரிசை இருக்கட்டும். மூன்றாவது கட்டத்தை அவசரத்தில் எழுத்தரிடம் விட்டுவிடாதீர்கள். அவர் எழுதுவதைத்தான் உங்கள் பேரப்பிள்ளைகள் சுமப்பார்கள்.